சாயம் ஓடிய தட்டுகள்

உடைகிற பொருளை விற்கிறவனுக்கு அது உடைந்தால் கவலையில்லை. உடையாமல் திரும்பி வந்தால்தான் கவலை. நீங்களும் ஏதோ ஒரு சரக்கை விற்று, அதில் குறையில்லை என்று வாயாலேயே நிரூபித்துக் காலம் தள்ளியவராக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நாமெல்லாம் ஒரே ஜாபிதாவில் இருப்பவர்கள்.

நான் நாளிதழில் இருந்தவன். அடுத்தவர் எழுதிய செய்தியை வெட்டித் தலைப்புப் போடுவது என் வேலை. ஓய்வு பெற்று சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது, என் மனைவியின் தம்பி ஜெபராஜ் ராஜபாளையம் சாலையில் மண்தட்டுப் பட்டறை ஒன்று ஆரம்பித்திருந்தான். வடக்கே போய் அந்தப் படிப்பைப் படித்து வந்தவன். "அத்தான், சரக்கைப் பத்தி நாலு வரி எழுதித் தாங்க" என்று கூப்பிட்டான். நாலு வரி எழுதப் போனவன் மேசை போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாங்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் தலையில் விழுந்தது.

நாங்கள் செய்தது உள்ளூர்ச் சரக்கு இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இராக், ஈரான் பக்கத்துக் குயவர்கள் செய்த தட்டுகளின் நகல். சிவந்த மண் தட்டின் மேல் வெள்ளை மண் குழம்பைப் பூச வேண்டும். அதன் மேல் பச்சை, தேன் நிறம், கத்தரிப்பூ நிறம் என்று வண்ணங்களைத் தெளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடியாக உருகுகிற ஒரு மெருகுக் குழம்பு. சூளையில் அது உருகும்போது வண்ணங்களும் சேர்ந்து உருகி ஒன்றுக்குள் ஒன்று வழியும். எங்கே வழியும், எங்கே நிற்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. சில தட்டுகளில் அந்தக் காலத்துக் குயவன் அடியில் கொடியும் இலையும் கீறி வைத்திருப்பான். வண்ணம் அதைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும். இன்று அந்தத் தட்டுகள் உலகத்து அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. எங்கள் நகல்கள் சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் வழியாக வளைகுடா ஹோட்டல்களின் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

தமிழில் ஓடுவதற்கும் ஓடு, உடைந்த பானைத் துண்டுக்கும் ஓடு. தலைப்புப் போட்டுப் பழகியவனுக்கு இது வசதியான தொழில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கழிசல்

வண்ணம் தெளிக்க வந்தவர் பேச்சிமுத்து. தறிக்கு நூல் சாயம் போடுகிற பட்டறையில் இருந்தவர். அது மூடியதும் எங்களிடம் வந்தார். கூடவே அவர் மனைவி கோமதியும் வந்தாள். கோமதி ஒரு ஜவுளிக்காரரிடம் சேலையை விரித்துக் குறை பார்த்து மடிக்கிற வேலை செய்தவள். இழை விட்டிருந்தாலும், சாயம் ஓடிப் பக்கத்துக் கட்டத்தில் ஏறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பி, சூளையிலிருந்து வரும் தட்டுகளை நல்லது, கழிசல் என்று பிரிக்கிற வேலையை ஜெபராஜ் அவளிடம் கொடுத்தான்.

முதல் சூளை பிரித்த அன்று ஜெபராஜ் ஊரில் இல்லை. மத்தியானம் நான் போய்ப் பார்த்தால் சுவரோரம் ஒரே குவியல். பச்சையும் தேன் நிறமும் அழகாக வழிந்து இறங்கிய தட்டுகள் அத்தனையும் கழிசலில் கிடந்தன. சூளையின் ஓரத்தில் சூடு பற்றாமல், வண்ணம் வைத்த இடத்திலேயே வெளிறி நின்ற சில தட்டுகள் மட்டும் துணி விரித்துப் பத்திரமாக அடுக்கப்பட்டிருந்தன. ஓடுவதுதான் இந்தச் சரக்கின் அழகு, ஓடாததுதான் கழிசல் என்று நான் விளக்கினேன். பேச்சிமுத்து குனிந்து சிரித்துக்கொண்டார். கோமதி சிரிக்கவில்லை. ஒரு தட்டைக் கையில் எடுத்து, வழிந்த பச்சையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாயம் ஓடுன சரக்க நல்லதுன்னு எங்கையால எடுத்து வச்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு இந்த ஊருல எவன் அண்ணாச்சி எனக்கு ஒரு சேலையத் தொடக் குடுப்பான்?"

சிவகிரிக்காரரின் சந்தேகம்

உண்மையான கழிசலை வாசலில் அடுக்கி வைத்து உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்போம். தட்டின் முதுகில் 'காட்சிக்கு மட்டும், உணவுக்கு அல்ல' என்று நானே எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். காரணம், அந்த மெருகுக் குழம்பில் ஈயம் உண்டு. பழைய குயவர்களும் ஈயம்தான் போட்டார்கள். அது இருந்தால்தான் வண்ணம் அப்படி ஓடும். புளியும் எலுமிச்சையும் பட்டால் அது சாப்பாட்டில் இறங்கும்.

ஒரு நாள் சிவகிரியிலிருந்து பெரியவர் ஒருவர் பைக்கில் மகனோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டாரை இந்தத் தட்டில் உட்கார்த்திச் சோறு போட வேண்டும் என்று ஆசை. நான் சீட்டைக் காட்டினேன். எதனால் என்றார். ஈயம் என்றேன். வண்ணத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவும் நின்று கேட்டார். பெரியவருக்கு வந்ததே சிரிப்பு. "எங்க வீட்டுல ரசமே ஈயச் சொம்புலதான் வே வைக்கோம். எங்கப்பாரு தொண்ணூறு வயசு வரைக்கும் அதைத்தான் குடிச்சாரு" என்றார். பேச்சிமுத்துவும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் மறுபடியும் கூடாது என்றேன். பெரியவர் எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, பைக்கில் ஏறிக்கொண்டே சொன்னார்: "சோறு திங்கக் கூடாத சாமானை எதுக்கு வே தட்டுன்னு பேரு வச்சு விக்கீரு?"

பரக்கத்

புளியங்குடியிலிருந்து ஒரு பாய் வந்தார். மர வியாபாரம் செய்கிறவர். அரபு நாட்டுத் தட்டு இங்கே தயாராகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர், "எல்லாம் நம்ம ஆளுக வேலைதானா? நமக்கு இது இத்தன நாளு தெரியாமப் போச்சே" என்று சந்தோஷப்பட்டார். புதிதாகக் கட்டிய வீட்டின் வாசலில் மாட்ட ஒரு தட்டு வேண்டும், நடுவில் 'பரக்கத்' என்று அரபியில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பரக்கத் என்றால் இறைவன் அருளால் வரும் பெருக்கம்.

பேச்சிமுத்துவுக்கு அரபி எழுத்து ஒரு கோலம். ஆனாலும் சேலைக் கரையைப் பார்த்து வரைகிற மாதிரி ஒரு புள்ளி பிசகாமல் கத்தரிப்பூ நிறத்தில் எழுதினார். சூளையிலிருந்து வந்தபோது எழுத்துக்குக் கால் முளைத்துத் தட்டின் விளிம்பு வரை போயிருந்தது. பாய் வந்ததும் நான் வருத்தம் சொல்லி, வேறு ஒன்று செய்து தருகிறோம் என்றேன். அவர் தட்டைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தும் பார்த்தார். பிறகு பையில் வைத்துக்கொண்டார். "பரக்கத்து ஓடியாச்சும் வரட்டும் வே. நடந்து வந்தா நாம மௌத்தாகுததுக்குள்ள வந்து சேராது."

மூன்று தழும்பு

சூளையில் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் சின்ன மண் முக்காலி வைப்போம். வெந்த பிறகு அதைத் தட்டி எடுத்தால் தட்டின் நடுவில் மூன்று சின்னத் தழும்பு நிற்கும். ஆயிரம் வருஷத்துத் தட்டிலும் இந்தத் தழும்பு உண்டு. இதைப் பற்றி நான் உருகி ஒரு பத்தி எழுதியிருந்தேன். திருநெல்வேலியில் ஹோட்டல் அலங்கார வேலை எடுத்திருந்த ஒருவர் அந்தப் பத்தியை முழுக்கப் படித்தார். தட்டையும் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மை வடுவுக்கு எதுக்கு சார் இம்புட்டு வரலாறு?"

சென்னையிலிருந்து ஒரு பாராட்டு

சென்னை நிறுவனத்தில் எங்கள் சரக்கைப் பார்த்து எடுக்கிறவர் நிர்மலா என்கிற அம்மா. பாராட்டுகிற வழக்கம் இல்லாதவர். எந்தத் தட்டை அனுப்பினாலும், நன்றாக இருக்கிறது, ஆனால் அளந்து தெளித்த மாதிரி இருக்கிறது என்பார். பேச்சிமுத்து அளந்து தெளிக்கிறவர்தான். இத்தனை காலம் சாயத்தை அளந்தவர், கை அப்படித்தான் போகும். தென்னை ஈர்க்கு வாரியலைத் தொட்டியில் முக்கி, ஒரு உதறு உதறினால் சொட்டுகள் வரிசை மாறாமல் விழும்.

அந்த வருஷம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அனுப்பிய சரக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. பெரிய சொட்டுகளுக்கு நடுவே பொடிப்பொடியாகச் சொட்டுகள். ஒன்று இங்கே இழுத்து, ஒன்று அங்கே சிதறி, சூளையில் வழிந்தபோது மழைக்கால மேகம் மாதிரி வந்திருந்தன. நிர்மலா அம்மா அன்றே போன் செய்தார். அருங்காட்சியகத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார். அடுத்த ஆர்டர் பெரியது, எல்லாம் இதே கையில் வர வேண்டும் என்றார். ஜெபராஜ் போனை ஒலிபெருக்கியில் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். பேச்சிமுத்து வெட்கப்பட்டுக்கொண்டு கைகளைக் கட்டி, அக்குளில் இடுக்கி நின்றார். கடைசியில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்படி என்னதான் சாப்பாடு போடறீங்க அந்தக் கைக்கு?"

குறை பார்க்கிற கண்

அடுத்த வாரம் கோமதி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு. பொடிச் சொட்டுகள் சிதறிய புதுச் சரக்கு. எதையாவது கழிசலில் போட வேண்டும் என்றால் என்னிடம் கேட்டுக்கொண்டு போடுவது வழக்கமாகியிருந்தது. நான் தட்டை வாங்கிப் பார்த்து, இது முதல் தரம், இதைத்தானே அந்த அம்மா புகழ்ந்தார்கள் என்றேன்.

அவள் போகவில்லை. வீட்டில் பேச்சிமுத்துவின் சட்டைப் பொத்தானை இப்போது அவள்தான் போட்டுவிடுகிறாளாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாராம். சோறு பாதி அப்படியே இருக்கிறதாம். டீ கிளாஸை மேசையில் வைத்தே குனிந்து குடிக்கிறாராம். கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாராம். நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். பேச்சிமுத்து வாரியலைத் தொட்டியிலிருந்து எடுத்தார். உதறுவதற்கு முன்பே அது தானாக உதறிக்கொண்டிருந்தது. கோமதி தட்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுச் சொன்னாள்: "தட்டுல குறையில்ல அண்ணாச்சி. தெளிக்கிற கையிலதான் இருக்கு."

ரசம்

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். நானும் ஜெபராஜும் கோமதியும். அந்த அம்மா பேச்சிமுத்துவின் ஈறைப் பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, நடுக்கம் அதனால்தான் இருக்க வேண்டும் என்றார். பட்டறையில் கையுறை கொடுக்கவில்லையா என்று ஜெபராஜைப் பார்த்துக் கேட்டார். கொடுத்திருந்தான். அது கொட்டகையில் ஆணியில் தொங்கியது. சாயக்காரருக்குக் கையை விட்டுப் பார்த்தால்தான் குழம்பின் பதம் தெரியும். அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மத்தியானச் சோற்றைப் பிசைந்திருக்கிறார்.

ஈயம் என்று சொல்லியிருந்தேனே என்றான் ஜெபராஜ். "சொன்னீக. ரசம் வைக்கிற ஈயந்தானேன்னு நெனச்சேன்" என்றார் பேச்சிமுத்து. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ரசச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம், அதனால் கெடுதல் இல்லை. உங்கள் தொட்டியில் இருந்தது காரீயம், அது விஷம். தமிழில் இரண்டையும் சுருக்கி ஈயம் என்று சொல்கிறோம், அவ்வளவுதான். நான் இருந்த பத்திரிகையில் இடம் போதாதபோது சொல்லின் முன்பாதியை வெட்டித் தலைப்பில் அடக்குவது எங்களுக்குத் தினசரி வேலை. படிக்கிறவனுக்குப் புரிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பேச்சிமுத்து கொஞ்ச நேரம் அந்த இரண்டு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் மேலும் கோபமாகத் தெரியவில்லை. "காரீயம்னு முழுப் பேரையும் சொல்லியிருந்தா கையக் கழுவிட்டுத் தின்னிருப்பேனே."

பழைய ஆள்

ஜெபராஜ் அன்றோடு காரீயத்தை நிறுத்தினான். தொட்டிகளைக் கழுவி, மிச்சமிருந்த மூட்டையைப் பின்னறையில் பூட்டினான். விற்றவனிடம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் வருகிறேன் என்றான், வரவில்லை. காரீயம் இல்லாத மெருகு ஒன்றை வரவழைத்தான். பேச்சிமுத்துவுக்கு மாத்திரை, ஓய்வு, மறுபடி ரத்தம் என்று மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் அவர் பட்டறைக்கு வந்து, என் மேசையிலிருந்த டீ கிளாஸை ஒரு கையால் தூக்கிக் குடித்துக் காட்டினார். நானே அதைப் பார்த்துக் கைதட்டுகிற நிலையில் இருந்தேன் என்றால் எங்கள் பட்டறை எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மெருகு பிடிவாதமானது. உருகியது, ஆனால் வண்ணத்தை இழுத்துக்கொண்டு ஓடவில்லை. பேச்சிமுத்துவின் கையும் பழையபடி அளந்துதான் தெளித்தது. சூளையிலிருந்து வந்த தட்டுகளில் பச்சை பச்சையாகவும் தேன் நிறம் தேன் நிறமாகவும் வைத்த இடத்தில் நின்றன. வேறு வழியில்லாமல் அதையே சென்னைக்கு அனுப்பினோம். நிர்மலா அம்மா அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பேசியபோது ஜெபராஜ் பழக்கத்தில் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான். பேச்சிமுத்து வாசற்படியில் நின்றிருந்தார். அந்த அம்மா கடுமையாக ஒன்றும் பேசவில்லை. உங்கள் நிலைமை புரிகிறது, ஆனால் இதில் உயிர் இல்லையே என்றார். பிறகு சமாதானமாகவே சொன்னார்: "யாரோ புது ஆளை வச்சுத் தெளிச்சிருக்கீங்க. முன்னே போட்டாரே, அந்தப் பழைய ஆளையே திரும்பக் கூப்பிட்டுக்கோங்க."

தட்டு

போனை வைத்தாயிற்று. பேச்சிமுத்துதான் ஆரம்பித்தார். சிரித்த முகமாகவே சொன்னார். "பழைய ஆளு எங்கயும் போகல மொதலாளி. பின்னறையில மூட்டையாக் கெடக்கான். கரச்சு விட்டா வந்துருவான்." ஆர்டர் போனால் கொட்டகையை மூட வேண்டும், அவருக்கும் கோமதிக்கும் வேறு இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மாசத்துக்கு மட்டும் செய்யலாம், கையுறை போட்டுக்கொள்கிறேன் என்றார். போடமாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஜெபராஜ் என்னைப் பார்த்தான். நான் பின்னறைப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோமதி இதற்குள் திரும்பி வந்த தட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்திருந்தாள். துணியை விரித்து எல்லாவற்றையும் நல்ல சரக்குப் பக்கமே வைத்தாள். ஒரு தட்டை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டி, "இதுல அந்தக் காரீயம் இல்லல்ல? சோறு திங்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். திங்கலாம் என்றேன். புருஷனைப் பார்க்காமல், தட்டை முந்தானையால் துடைத்தாள். "அப்பொ இதான் தட்டு. மத்ததெல்லாம் என்ன எழவோ."

ஜெபராஜ் ஆர்டர் வேண்டாம் என்று எழுதச் சொன்னான், எழுதினேன். அது வேறு ஊருக்குப் போய்விட்டது. அங்கே இப்போது யார் கை தெளிக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தட்டுகள் மேகம் மாதிரி வருகின்றன என்று மட்டும் கேள்வி. மூட்டையை விற்றவன் கடைசியில் வந்து எடுத்துப் போனான், எங்கே கொண்டுபோனான் என்று நாங்கள் கேட்கவில்லை. கொட்டகையில் இப்போது பூந்தொட்டி செய்கிறோம். பேச்சிமுத்து தொட்டிக்குக் காவி பூசுகிறார். குளிர்ந்த நாட்களில் வலது கை இன்னும் லேசாக ஆடும். அன்று இடது கையால் பூசுவார். கோமதி பழையபடி சேலை மடிக்கப் போய்விட்டாள், அவளுக்கு வேலை கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

சாயம் ஓடினால் சேலை கழிசல், ஓடாவிட்டால் தட்டு கழிசல் என்று சொல்ல இரண்டு தொழிலிலும் ஆள் வைத்திருக்கிறார்கள். சாயத்தில் கை விட்டவனைக் குறை பார்க்க மட்டும் அவன் வீட்டுக்காரியைத் தவிர யாரையும் வைத்ததில்லை.